உழைச்செல்வானின் இடம்: நோய் தீர்த்தலில் தாதியர் – நோயாளர் உறவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவ வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கண்டுபிடிப்புகளே. 1897ஆம் ஆண்டு செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1928ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார். இவை பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. ஆனால், கண்டறியப்பட்ட மருந்தை நோயாளி விழுங்கினாரா, விழுங்கியபின் அவர் உடலில் நேர்ந்த மாற்றத்தை யார் கவனித்தார், கவனித்ததை யாரிடம் சொன்னார் என்னும் வினாக்கள் வரலாற்று நூல்களில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்கள் யாவும் நோயாளியின் பக்கத்தில் இருந்தவரைப் பற்றியவை.

நோயாளிக்கும் அவரைப் பேணும் தாதியருக்கும் இடையிலான உறவு நோய் தீர்வதில் வகிக்கும் பங்கினை வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வுறவு ஆறுதல் தருவது என்பது எவரும் அறிந்தது. அதனினும் மேலாக, நோயாளியின் உடலில் நிகழ்வதை மருத்துவ அறிவுக்குக் கொண்டுசேர்க்கும் வழியாகவும் இது செயற்படுகிறது என்பதே நம் கருத்து. அவ்வழி அடைபடாமல் இருக்க அண்மை, மொழி, நம்பிக்கை ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்த இடங்களில் நேர்ந்தது என்ன என்பதை, குறிப்பாக மலாயாத் தமிழரின் அனுபவத்தைக் கொண்டு, இங்குக் காண்போம்.

பழைய நூல்களின் பார்வை

மருத்துவம் என்பது மருத்துவன் ஒருவனால் மட்டும் நிகழ்வதன்று என்னும் கருத்து இந்திய மரபில் மிகப் பழையது. சரக சம்ஹிதை மருத்துவத்துக்கு நான்கு தூண்களைக் குறிப்பிடுகிறது. மருத்துவன், மருந்து, நோயாளி ஆகியோருடன் பக்கத்திலிருந்து பணிபுரிபவனையும் அது ஒரு தூணாக எண்ணுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் இறுதிக் குறளும் இந்த நான்கினையே கூறி நிறைவுறுகிறது. அங்கு அப்பணியாளனுக்கு வள்ளுவர் வழங்கும் பெயர் 'உழைச்செல்வான்' என்பதாகும். 'உழை' என்னும் சொல் இடத்தையும் பக்கத்தையும் குறிக்கும். எனவே நோயாளியின் அருகில் நிற்பது என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை நம் ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரிகிறது. நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளை அவர் வகுத்துரைக்கிறார். பணிபுரிபவனுக்கு வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் செய்துமுடிக்கும் திறம், அறிவு ஆகியன. நோயாளிக்கு வேண்டியவற்றுள் மருந்தின் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதலோடு தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் ஆற்றலையும் அவர் சேர்க்கிறார். சரக சம்ஹிதையும் நோயாளியின் நற்பண்புகளுள் நோயை விளக்கிச் சொல்லும் திறனை வைத்துள்ளது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பேணுபவனிடம் அன்பு மட்டும் எதிர்பார்க்கப்படவில்லை. அறிவும் உடன் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, நோயாளி வெறும் உடலாகக் கொள்ளப்படவில்லை. சொல்ல வேண்டியவராகக் கொள்ளப்படுகிறார். ஒருவர் சொல்ல வேண்டுமாயின் கேட்பவர் ஒருவர் வேண்டும். நாளில் ஒருமுறை வந்துசெல்லும் மருத்துவனைக் காட்டிலும் பக்கத்தில் இருப்பவனே அதிகம் கேட்கிறான். ஆகவே, நோயாளியின் சொல்லும் பணியாளனின் அறிவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை எனலாம்.

பெயரில் மறைந்த அறிவு

இப்பணிக்கு நாம் இன்று வழங்கும் பெயர்கள் வேறொரு மரபிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 'தாதியர்' என்பதே பெருவழக்கு. செவிலி என்பவள் சங்க அக இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாய். தாதி என்பதும் பாலூட்டி வளர்ப்பவளைக் குறித்த வடசொல்லின் வழி வந்ததே. இரண்டு பெயர்களும் தாய்மையின் பக்கம் சாய்கின்றன.

இப்பெயர்கள் இத்தொழிலுக்கு மதிப்பைத் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், பேணுதல் என்பது பெண்ணுக்கு இயல்பாகவே வாய்த்த குணம், அதற்குத் தனி அறிவு தேவையில்லை என்னும் எண்ணத்தையும் அவை வலுப்படுத்தின. குணமாகக் கருதப்படுவதற்குப் பாராட்டு கிடைக்கும். நேரமும் ஊதியமும் எளிதில் கிடைப்பதில்லை. பரிமேலழகர் அன்பையும் அறிவையும் ஒன்றாக வைத்ததை நோக்குங்கால், பிற்காலப் பெயர்கள் அவற்றுள் ஒன்றை முன்னிறுத்தி மற்றொன்றை மறைத்துவிட்டன என்றே கூறத் தோன்றுகிறது.

ஸ்கூட்டாரி தந்த பாடம்

நவீனத் தாதிமையின் வரலாறு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து தொடங்குவதாகக் கூறுவது மரபு. 1854ஆம் ஆண்டு நவம்பரில் 38 பெண்களுடன் அவர் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். கையில் விளக்குடன் இரவில் நோயாளிகளிடையே நடந்த பெண்மணி என்னும் படிமம் உலகெங்கும் பரவியது. நம் பள்ளிப் பாடநூல்களும் அப்படிமத்தையே தந்தன.

ஆனால் எண்கள் வேறு செய்தியைச் சொல்கின்றன. அவர் வந்தபின் வந்த குளிர்காலத்தில் இறப்பு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். அந்த மருத்துவமனை அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின் மேல் நின்றிருந்தது. மார்ச் மாதம் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் கால்வாய்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்தையும் நீர் வழியையும் சீராக்கியது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு இறங்கியது.

தாதியர் – நோயாளர் உறவைப் பற்றிப் பேசுவோர் இந்த எண்களைக் கடந்து செல்லுதல் கூடாது. அன்பான பணிவிடை கெட்ட நீரின் தீமையை நீக்கிவிடாது. போரிலிருந்து திரும்பிய நைட்டிங்கேல் இப்புள்ளிவிவரங்களை ஆராய்ந்து இவ்வுண்மையை ஏற்றார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியைச் சுகாதாரச் சீர்திருத்தத்திற்கும் தாதியர் கல்விக்கும் ஒதுக்கினார். 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பெற்றது.

எனினும், அவர் எழுதிய தாதிமைக் குறிப்புகள் என்னும் நூல் தூய்மையோடு நின்றுவிடவில்லை. நோயாளியை உற்றுநோக்குதல் அந்நூலில் தனி இயலாக அமைந்துள்ளது. நோயாளியிடம் பேசுபவர் அவர் தலையைத் திருப்ப வேண்டாதபடி கண்ணுக்கு நேரே அமர வேண்டும் என்றும், அறைக்கு வெளியே நின்று தாழ்குரலில் அவரைப் பற்றிப் பேசுவது கொடுமை என்றும், பொருளற்ற நம்பிக்கைச் சொற்கள் நோயாளியைத் தனிமைப்படுத்துகின்றன என்றும் அவர் அறிவுறுத்துகிறார். பேணுபவரின் நடத்தையையும் நோய்க்குரிய சூழலின் ஒரு பகுதியாகவே அவர் கண்டார். காற்று, நீர், ஒளி ஆகியவற்றோடு பேச்சும் மௌனமும் அவர் கணக்கில் சேர்ந்தன.

மலாயா: மொழியும் தகுதிநிலையும்

நம் வட்டாரத்திற்கு வருவோம். சிங்கப்பூரில் தாதிமையின் தொடக்கமாகக் கொள்ளப்படும் நாள் 1885 ஆகஸ்டு 1. அன்று திருக்குழந்தை இயேசு கன்னியர்மடத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் கன்னியர் பொது மருத்துவமனையில் பணியேற்றனர். சிங்கப்பூரின் தாதியர் தினம் இந்நாளிலேயே கொண்டாடப்படுகிறது. முறையான தாதிமைப் பயிற்சி பெறாத அக்கன்னியரின் ஈடுபாட்டை வரலாறு மறக்கவில்லை. ஆயினும், சீனத்தின் பல வட்டார மொழிகளும் மலாயும் தமிழும் பேசிய ஒரு துறைமுக நகரில் நோயாளியின் சொல்லுக்கும் பேணுவோரின் செவிக்கும் இடையே எத்துணை தொலைவு இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரப்பர் தோட்டங்களின் நிலை இதற்கு மறுதலையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து நிறுவப்பட்ட தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழு நோயும் ஆயிரக்கணக்கான தமிழரைக் கொன்றன. தொழிற்சட்டங்கள் தோட்ட முதலாளிகள் மருத்துவ வசதி செய்து தருவதைக் கட்டாயமாக்கின. மருத்துவர் எப்போதாவது வந்துபோவார். நாள்தோறும் நோயாளியைக் கண்டவர் 'டிரெசர்' என்றழைக்கப்பட்ட மருந்தாளுநரே. புண்ணுக்குக் கட்டுப்போடுபவர் என்னும் பொருளில் வந்த அப்பெயர், காலப்போக்கில் தோட்ட மருத்துவமனை முழுவதையும் நடத்தும் பொறுப்பினைக் குறிக்கலாயிற்று. தமிழர், யாழ்ப்பாணத்தார், மலையாளிகள் எனப் பலரும் இப்பணியில் இருந்தனர். பெரும்பாலோர் தமிழில் பேசினர். ஆகவே இங்கு மொழித்தடை பெரிதாக இல்லை.

தடை வேறொன்றாக இருந்தது. காய்ச்சலென்று வந்து நிற்பவர் உண்மையிலேயே நோயாளியா, வேலைக்குப் பயந்து நடிப்பவரா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் டிரெசரிடமே இருந்தது. நாட்கூலியில் வாழ்ந்த தொழிலாளிக்கு அத்தீர்ப்பு அன்றைய சோற்றைப் பற்றியது. துரைக்கும் கங்காணிக்கும் பதில்சொல்லக் கடமைப்பட்ட ஒருவரிடம் நோயாளி தன் உடலைப் பற்றிய முழு உண்மையையும் சொல்வாரென எதிர்பார்க்க இயலாது. சிலர் இல்லாத வலியைச் சொல்லியிருப்பர். பலர் இருந்த வலியை மறைத்து மரத்தடிக்குச் சென்றிருப்பர். தோட்ட மருத்துவமனையில் படுக்க அஞ்சி லயத்திலேயே கிடந்து, நோய் முற்றியபின் கொண்டுவரப்பட்டோரின் கதைகள் தோட்டத் தமிழரின் வாய்மொழி வரலாற்றில் மிகுதி. முற்றிய நோயில் இறப்பு மிகும். இறப்பு மிக, மருத்துவமனை மீதான அச்சமும் மிகும்.

குவினைன் வழங்கப்பட்ட முறையும் இதனைக் காட்டும். காலைப் பெரட்டில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திக் குவினைன் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. கசப்பு மிகுந்த அம்மருந்தைக் கண்காணித்து விழுங்கவைக்க வேண்டியிருந்தது என்பதே உறவின் நிலையைச் சொல்லிவிடுகிறது. கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901 முதல் மலேரியா ஒழிப்பில் ஈடுபட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், வடிகால் அமைப்பதிலும் சதுப்பைத் தூர்ப்பதிலுமே பெருவெற்றி கண்டார். ஸ்கூட்டாரியைப் போலவே இங்கும் இறப்பைக் குறைத்ததில் கால்வாய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கால்வாய் நோய் வராமற் காப்பது. வந்த நோயைத் தீர்க்க நோயாளி முன்வந்து சொல்ல வேண்டும். அதற்கு நம்பிக்கை வேண்டும்.

இதனால் டிரெசர்கள் யாவரும் இரக்கமற்றவர் என்பது பொருளன்று. இரவு நேரங்களில் லயங்களுக்கு நடந்துசென்று பேறுகால ஆபத்திலும் பாம்புக்கடியிலும் உயிர்காத்தவர்களைத் தோட்ட மக்கள் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளனர். தனிமனிதரின் நற்குணம் அமைப்பின் குறையைச் சில இடங்களில் வென்றது. எல்லா இடங்களிலும் வெல்ல இயலவில்லை. மலேசியாவில் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவுசெய்வதற்கெனத் தனிச்சட்டம் 1965இல்தான் இயற்றப்பட்டது.

சயாம் மரண ரயில்: பேணுவோர் இல்லாத நிலை

பேணுவோர் அறவே இல்லாதபோது நேர்வதை 1942 – 1943ஆம் ஆண்டுகளின் சயாம் – பர்மா ரயில் பாதை காட்டியது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக ஜப்பானியர் மலாயாவிலிருந்து கொண்டுசென்றோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். அதே பாதையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும் உழைத்தனர்.

இரு சாராரும் ஒரே காட்டில், ஒரே மழையில், ஏறக்குறைய ஒரே பட்டினியில் இருந்தனர். போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தார். ஆசியத் தொழிலாளரின் இறப்பு அதனினும் மிகுதி. பதிவேடுகள் சரிவர இல்லாமையால் துல்லியமான எண் கிடைக்கவில்லை. பல ஆய்வாளர்கள் அதனை ஏறத்தாழப் பாதியளவு வரை மதிப்பிடுகின்றனர். இறந்தவரை எண்ணக்கூட ஆளில்லை என்பதே இங்குக் கிடைக்கும் முதற்சான்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. போர்க்கைதிகளிடம் இராணுவ ஒழுங்கு இருந்தது. அவர்களோடு மருத்துவரும் பயிற்சிபெற்ற மருத்துவ உதவியாளரும் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்னும் கட்டளையை நடைமுறைப்படுத்த அதிகாரிகள் இருந்தனர். 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, மூங்கிலைச் சீவிக் குழாயாக்கி, தாமே காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கலந்து, நாளத்தில் ஏற்றி உயிர்காத்தனர். அக்குடில்களில் நோயாளரைக் கழுவித் துடைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டியவர்களுள் தாமாக முன்வந்த சக கைதிகளும் இருந்தனர். நோயாளியின் பெயரையும் படைப்பிரிவையும் ஊரையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஒரே மொழியில் பேசினர். மருந்து மிகக் குறைவாக இருந்த இடத்தில் இவ்வுறவே மருத்துவத்தின் பெரும்பகுதியாக நின்றது.

தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் இவற்றுள் ஏறக்குறைய எதுவும் இல்லை. குடும்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பிரிக்கப்பட்டு, முன்பின் அறியாதவரோடு சேர்க்கப்பட்டவர்கள் நோயுற்றபோது பக்கத்தில் நிற்க ஆளில்லை. காலராவில் கிடந்தவருக்கு வெந்நீர் காய்ச்சித் தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாமையே பலருக்கு இறப்பாயிற்று. நிலைமை மிக மோசமான பின்னர், 1943 ஜூனில் சாங்கி முகாமிலிருந்து 30 மருத்துவ அதிகாரிகளும் 200 உதவியாளரும் அடங்கிய ஒரு குழு ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டது. மருந்தும் அதிகாரமும் இன்றிச் சென்ற அவர்களுக்கு மொழியும் தடையாயிற்று. உயிர் பிழைத்து வந்தோரின் நினைவுகளில் நோயாளர் குடில் என்பது குணமடையும் இடமாக அன்றி, சாவதற்கு அனுப்பப்படும் இடமாகவே பதிந்துள்ளது.

இவ்வொப்பீட்டைப் பேணுதலின் பயனை அளக்கும் துல்லியமான அளவுகோலாகக் கொள்ளுதல் ஆகாது. ஆனால், மருத்துவக் கருவிகள் இல்லாதபோதும் பேணுதலால் காக்கத்தக்க உயிர்கள் உள்ளன என்பதையும், பேணுவோர் இன்மை ஒரு தனிக் கொலைக்காரணமாக இயல்வதையும் இது ஐயமின்றி உணர்த்துகிறது. நம் முன்னோர் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள்

போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் இவ்வுறவு முறையான ஆய்வுப்பொருளாயிற்று. அமெரிக்கத் தாதிமை அறிஞர் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூலில், தாதிமை என்பதே இருவரிடையே படிப்படியாக வளர்ந்து, நோயாளி தன்னிலை பெற்றதும் நிறைவுறும் உறவுமுறை என்று வரையறுத்தார். உறவு முடிவதற்காகவே வளர்கிறது என்னும் அவர் கருத்து, தாய்மைப் படிமத்திலிருந்து இத்தொழிலைப் பிரித்துக் காட்டுவதாகும்.

இதற்கு மாறான ஒரு காட்சியை இசபெல் மென்சீஸ் வெளிப்படுத்தினார். இலண்டன் மருத்துவமனை ஒன்றின் தாதிமைச் சேவையை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய கட்டுரை, அங்கு வேலை சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததைச் சுட்டியது. ஒரு தாதி பல நோயாளருக்கு ஒரே செயலைச் செய்வார். எந்த ஒருவரோடும் நெடுநேரம் இருக்கமாட்டார். நோயாளர் பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடப்பட்டனர். சாவையும் வேதனையையும் நாள்தோறும் காணும் இளம்பெண்களின் மனக்கலக்கத்தைத் தணிக்க நிறுவனம் தன்னையறியாமல் அமைத்துக்கொண்ட அரண் இது என்பது அவர் விளக்கம். ஆனால் அந்த அரண் கலக்கத்தைத் தீர்க்கவில்லை. பயிற்சித் தாதியர் பலர் பணியைவிட்டு விலகினர். உறவைக் குறைப்பது தாதியைக் காக்கும் என்னும் எண்ணம் பொய்த்தது.

உறவின் பயனை அளந்து காட்டும் முயற்சிகள் 1970களில் பிரிட்டனில் நிகழ்ந்தன. அறுவைச் சிகிச்சைக்கு முன் என்ன நிகழும், எத்தகைய வலி இருக்கும் என்பதைத் தாதியர் விளக்கிச்சொன்ன நோயாளருக்குக் கவலையும் வலிநீக்கி மருந்தின் தேவையும் குறைந்ததை ஜாக் ஹேவார்டின் 1975ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஜெனிஃபர் போர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறு விளக்கம் பெற்றோரின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் வேதிப்பொருள்களும் குறைந்திருந்ததை எடுத்துக்காட்டியது. சொல் உடலைச் சென்றடைகிறது என்பதற்கு இவை ஆய்வுக்கூடச் சான்றாயின.

2002இல் லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை பெற்ற இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேருந்தோறும், 30 நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாக அவர்கள் கண்டனர். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளைக் குறித்து வெளிவந்த ஆய்வும் அதே அளவையே தந்தது. இவ்வாய்வுகள் உறவை நேரடியாக அளக்கவில்லை, எண்ணிக்கையையே அளந்தன. ஆயினும் அவற்றின் விளக்கம் நம் கருத்துக்கு அரண்செய்கிறது. அறுவைக்குப்பின் சீழ்ப்பிடிப்போ உட்கசிவோ தொடங்கும்போது முதலில் தோன்றுவது சிறு மாற்றமே. நேற்றைய முகத்தை அறிந்தவர்க்கே இன்றைய முகத்தின் வாட்டம் புலப்படும். அண்மை என்பது ஈண்டு மருத்துவக் கருவியாகிறது.

வலியின் சொற்கள்

தமிழ்த்துறையினராகிய நாம் சிறப்பாகக் கருத வேண்டியது மொழியைப் பற்றியது. வலியை அளக்க இன்றளவும் நோயாளியின் சொல்லையே முதன்மையாக நம்ப வேண்டியுள்ளது. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 பிரிவுகளாக அடுக்கியது. எச்சொல்லை நோயாளி தெரிந்தெடுக்கிறார் என்பது நோயின் தன்மையை அறியத் துணைசெய்யும் என்பதே அதன் அடிப்படை.

தமிழில் இவ்வளம் குறைவானதன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, சுருக்கென்று தைத்தல், விண்விண்ணென்று தெறித்தல், மரத்துப்போதல் எனப் பேச்சுவழக்கில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. நெஞ்சு கரிக்கிறது என்பதும் நெஞ்சை அடைக்கிறது என்பதும் இருவேறு செய்திகள். முன்னது செரிமானக் கோளாறாகலாம்; பின்னது மாரடைப்பின் அறிகுறியாகலாம். வயிற்றுவலி என்பதற்கும் வயிற்றுக்கடுப்பு என்பதற்கும் உள்ள வேறுபாடு, தோட்டத்துப் பாட்டிக்குத் தெளிவாகத் தெரியும்.

இச்சொற்கள் யாவும் மருத்துவமனை வாயிலில் 'சாக்கிட்' என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுவதுண்டு. மலாய்மொழியின் குறையன்று இது. காந்தும் வலிக்கு 'பெடிஹ்' எனவும் கூசும் வலிக்கு 'ஙிலு' எனவும் அம்மொழியில் நுட்பமான சொற்கள் உள்ளன. ஆனால் சந்தையிலும் தோட்டத்திலும் கேட்டுப் பழகிய மலாயில் நம் முதியோருக்குத் தெரிந்தது, நோயையும் வலியையும் ஒருங்கே குறிக்கும் அந்த ஒரு சொல்லே. பரிமேலழகர் நோயாளிக்கு இன்றியமையாததாக வைத்த நோய்நிலை உணர்த்தும் ஆற்றல், நோயாளியிடம் முழுமையாக இருந்தும் பயனற்றுப் போகும் நிலை இது.

இவ்விடைவெளியை இதுவரை பெரும்பாலும் குடும்பத்தினரே நிரப்பி வந்துள்ளனர். மகளோ பேரனோ கட்டிலருகே நின்று மொழிபெயர்ப்பர். இதில் உதவியும் உண்டு, இடரும் உண்டு. கருப்பை நோயைத் தாய் மகன்வழி சொல்லத் தயங்குவாள். கெட்ட செய்தியைப் பிள்ளை தந்தைக்குச் சொல்லாமல் மறைப்பான். மேலும், 2003இல் சார்ஸ் பரவியபோதும் 2020இல் கோவிட்-19 பரவியபோதும் மருத்துவமனைகளில் பார்வையாளர் தடுக்கப்பட்டனர். குடும்பத்தினர் விலக்கப்பட்ட அந்நாள்களில், நோயாளியின் பக்கத்தில் எஞ்சியவர் முகக்கவசம் அணிந்த தாதி ஒருவரே. அவருக்கும் நோயாளிக்கும் பொதுமொழி இருந்ததா என்பது அப்பொழுது உயிர்நிலையான வினாவாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், நோய் தீர்த்தலில் தாதியர் – நோயாளர் உறவின் பங்கு ஒருவாறு தெளிவாகும். அது தூய நீருக்கும் நல்ல மருந்துக்கும் மாற்றாகாது. ஸ்கூட்டாரி அதற்குச் சான்று. மொழி பொதுவாக இருந்தும் நம்பிக்கை இல்லையெனில் அவ்வுறவு பயன்தராது. தோட்டங்கள் அதற்குச் சான்று. பேணுவோரே இல்லையெனில் தீரத்தக்க நோயும் கொல்லும்; சயாம் காடுகள் அதற்குச் சான்று. நேரமும் அண்மையும் குறையுமிடத்து இறப்பு கூடுவதை நம் காலத்து எண்கள் காட்டுகின்றன.

இவற்றுள் நேரத்தையும் எண்ணிக்கையையும் சீராக்குவது அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் உரிய கடமை. மொழியைப் பொறுத்தவரை நமக்கும் ஒரு கடமை உண்டு. வலியையும் நோய்க்குறிகளையும் உணர்த்தும் தமிழ்ப் பேச்சுச் சொற்களை முதியோரிடமிருந்து திரட்டி, மலாய் – ஆங்கில விளக்கங்களுடன் ஒரு சிறு கையேடாகத் தாதியர் கல்லூரிகளுக்கு வழங்குதல் நம் மாணவரால் இயலக்கூடிய களப்பணியே. தோட்டங்களில் பிறந்து அச்சொற்களோடு வளர்ந்த தலைமுறை இன்று முதுமையில் மருத்துவமனைக் கட்டில்களில் இருக்கிறது. அவர்கள் மறையுமுன் அச்சொற்களைத் திரட்டுவது இலக்கணத்துக்கும் அகராதிக்கும் பயன்படும். அதற்கு முன்பாக, அச்சொற்களைச் சொல்பவர்க்கே பயன்படும். பக்கத்தில் நிற்பவர் கேட்டறியக் கூடியவராக இருத்தல் வேண்டும் என்பதைத்தான் வள்ளுவரின் 'உழைச்செல்வான்' நமக்கு நினைவூட்டுகிறார்.